மைனஸ்லதான் இருக்கு மேட்டர்!

சிம்போசியம் சீசன் வந்தா எந்த காலேஜுக்குப் போனாலும் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம் பேப்பர் பிரசென்டேஷன், ஒரு பக்கம் க்விஸ், இன்னொரு பக்கம் வரிசையா புராஜெக்ட் ஸ்டால். அந்த வரிசையில கண்டிப்பா ஒரு ஸ்டாலைப் பார்த்திருப்பீங்க. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், அந்தப் பக்கம் ஒரு டைனமோ. டைனமோவிலிருந்து வர்ற ஒயர் சுத்திக்கிட்டு திரும்ப மோட்டாருக்கே போகும். மேலே தெர்மோகோல்ல கொட்டை எழுத்துல 'ஃப்ரீ எனர்ஜி'ன்னு வெட்டி ஒட்டியிருப்பாங்க. குட்டி பல்பு ஒண்ணு எரியும். கூட்டம் அள்ளும். மேஜை விரிப்புக்குக் கீழே பேட்டரி இருக்கான்னு மட்டும் யாரும் பார்க்க மாட்டாங்க!

"ஜாலிக்கு ஒரு புராஜெக்ட். விடுங்க பாஸ்"னு சொல்றீங்களா? விட முடியலை. ஏன்னா, இதே சரக்கு காலேஜ் கேட்டைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தாச்சு. 'டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம், காந்தம் மட்டும் போதும்'னு வீடியோ வீடியோவா ஓடுது. போடிநாயக்கனூர் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தை நம்பி இருக்கிற வீட்டுப் பசங்களுக்கு இதுல இருக்கிற ஆபத்து சட்டுனு புரியும். மலையில மழை பிடிச்சா மரம் சாயும், லைன் அறுந்து விழும், கரன்ட் போகும். ஆனா பறிச்ச காய் காத்திருக்காது. உடனே ஸ்டோர்ல போட்டு உலர்த்தியாகணும். இல்லைன்னா பச்சை நிறம் போயிடும். நிறம் போனா ஏலத்துல விலையும் போயிடும்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து, "எரிபொருளே வேண்டாத ஜெனரேட்டர் சார், ஒரு தடவை காசு போட்டா போதும்"னு சொன்னா, உங்க அப்பா யார் முகத்தைப் பார்ப்பார்? உங்க முகத்தைத்தான். "நீதானப்பா இன்ஜினியரிங் படிக்கிற, இது ஓடுமா, ஓடாதா?" அவ்வளவுதான் கேள்வி. இதுக்கு அரியர்ஸ் கிடையாது. தப்பா பதில் சொன்னா போறது மார்க் இல்லை, ஒரு வருஷத்து காய் விற்ற காசு.

நல்ல நியூஸ் என்னன்னா, இதுக்கான பதிலை நீங்க ப்ளஸ் டூவிலேயே மனப்பாடம் பண்ணியாச்சு. 'மின்காந்தத் தூண்டல்' பாடம். ஃபாரடே விதி. 'மைனஸ் என் இன்ட்டு டிஃபை பை டிடி.' அதுல என், ஃபை எல்லாம் ஞாபகம் இருக்கும். முன்னாடி ஒரு மைனஸ் நிக்குதே... அதுதான் இந்த வார ஹீரோ.

சும்மா இருந்தா ஒண்ணும் வராது

1831 ஆகஸ்ட் 29. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன். மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையம் எடுத்து, அதோட ஒரு பக்கம் ஒரு கம்பிச்சுருள், எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பிச்சுருள் சுத்தினார். ரெண்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. முதல் சுருளை பேட்டரியில கொடுத்தார். ரெண்டாவது சுருள் பக்கத்துல இருந்த காந்த ஊசி டக்குனு ஆடிச்சு. ஆடிட்டு உடனே நின்னுடுச்சு. பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கு, ஊசி அசையலை. பேட்டரியைக் கழட்டினார். மறுபடியும் ஒரு ஆட்டம், இந்தத் தடவை எதிர்ப்பக்கம்.

விஷயம் இதுதான். காந்தப்புலம் இருக்கிறது முக்கியம் இல்லை, அது மாறுறதுதான் முக்கியம். அந்த டிடி சும்மா அழகுக்குப் போட்டது இல்லை மக்களே. ஏறக்குறைய அதே காலத்துல அமெரிக்காவுல ஜோசஃப் ஹென்றியும் தனியா இதையே கண்டுபிடிச்சார். உங்க தெருமுனையில 'அபாயம்' போர்டு மாட்டிக்கிட்டு நிக்கிற டிரான்ஸ்ஃபார்மர், ஃபாரடேவோட வளையத்துக்குக் கொள்ளுப்பேரன். ஹாஸ்டல்ல வார்டனுக்குத் தெரியாம நீங்க மேகி பண்ற இண்டக்‌ஷன் அடுப்பும் அதே வம்சம்தான். அதுக்குள்ள இருக்கிற சுருள்ல மின்சாரம் ஒரு விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல திசை மாறுது. அந்த மாற்றத்துலதான் பாத்திரத்தோட அடிப்பாகத்துல கரன்ட் சுழன்று சூடாகுது.

ஆக, 'காந்தம் மட்டும் போதும்'ங்கிற வீடியோவுக்கு முதல் அடி இங்கேயே விழுந்தாச்சு. காந்தத்தை ஒரு சுருள் பக்கத்துல நூறு வருஷம் வெச்சாலும் ஒரு பொட்டு கரன்ட் வராது. ஏதாவது ஒண்ணு அசையணும். "சரி, ஒரு தடவை தள்ளிவிட்டா போதும், அப்புறம் தானா சுத்தும்"னு அடுத்த டயலாக் வரும். அங்கேதான் மைனஸ் குறுக்கே வந்து நிக்குது.

ஜெனரேட்டர் ஏன் உறுமுது?

1834-ல ஹென்ரிக் லென்ஸ்ங்கிற ரஷ்ய இயற்பியலாளர் சொன்னது இது. தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கின மாற்றத்தையே எதிர்க்கும். காந்தத்தைச் சுருளுக்குள்ள தள்ளுங்க, சுருள் 'வராதே'ன்னு தள்ளும். வெளியே இழுங்க, 'போகாதே'ன்னு பிடிச்சு இழுக்கும். கரன்ட் வேணும்னா அந்த எதிர்ப்பை மீறி நீங்க வேலை செய்யணும். நீங்க செய்யற அந்த வேலைதான் மின்சாரமா மாறுது. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது.

ஒரு நிமிஷம் அந்த மைனஸை ப்ளஸ்னு மாத்தி யோசிச்சுப் பாருங்க. காந்தத்தை லேசா தள்ளினா போதும், சுருளே அதை உள்ளே இழுக்கும். வேகம் கூடும். கரன்ட் கூடும். இன்னும் இழுக்கும். செலவே இல்லாம சக்தி பெருகிக்கிட்டே போகும். கேட்க சூப்பர். ஆனா அப்படி ஒரு உலகத்துல பாக்கெட்டில இருக்கிற சாவிக்கொத்தை ஒரு காந்தத்துக்குப் பக்கத்துல கொண்டுபோனாலே விபரீதம்தான்!

லேப் எதுக்கு? தாத்தா காலத்து சைக்கிள் டைனமோவை எடுத்துக்கோங்க. டயர்ல உரசவிட்டு லைட் எரியவெச்சா பெடல் கனக்கும். லைட்டுக்குப் போற ஒயரைக் கழட்டிவிட்டா, உரசல் அப்படியே இருந்தும் பெடல் லேசாயிடும். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரே சீரா ஓடிக்கிட்டிருக்கும். உள்ளே ஏ.சி-யைப் போட்டதும் 'ம்ம்ம்...'னு உறுமும். அந்த உறுமல்தான் லென்ஸ் விதியோட குரல். உள்ளே கரன்ட் ஓட ஆரம்பிச்சதும் ரோட்டரைச் சுத்தறது கஷ்டமாகுது. எஞ்ஜின் கூடுதலா டீசல் குடிக்குது.

ஃப்ரீ எனர்ஜி ஸ்டாலோட தந்திரமும் இதுலதான் இருக்கு. டைனமோவுல லோடு இல்லாத வரைக்கும் எதிர்ப்பு கிடையாது, கனமான சக்கரம் பல நிமிஷம் ஜோரா சுத்தும். லோடு மாட்டினா நின்னுடும். கணக்கும் சிம்பிள். மோட்டார் 80 சதவிகிதம் திறன், டைனமோ 80 சதவிகிதம் திறன்னு தாராளமாவே வெச்சுக்குவோம். நூறு கொடுத்தா ஒரு சுத்துல 64 திரும்பி வரும். அடுத்த சுத்துல 41. அதுக்கடுத்து 26. வாங்கின கடன்ல வட்டி கட்டி, அந்த வட்டியையே வருமானம்னு சொல்ற கதை.

லோயர் கேம்ப்ல யார் பில் கட்டறாங்க?

"அப்போ நிஜமான கரன்ட் எங்கிருந்து வருது?"ன்னு கேட்டா, போடிக்காரங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு நூல் பிடிச்சு போனா குமுளி மலையடிவாரத்துல லோயர் கேம்ப். மலை மேலிருந்து ராட்சத இரும்புக் குழாய்கள் இறங்கி வர்றதை பஸ் ஜன்னல்லயே பார்க்கலாம். அதுதான் பெரியாறு நீர்மின் நிலையம். 1958-ல உற்பத்தி ஆரம்பிச்சது. தலா 35 மெகாவாட்ல நாலு யூனிட், மொத்தம் 140 மெகாவாட்னு அமைச்சாங்க. பிறகு சில யூனிட்களோட திறனைக் கூட்டினாங்க.

1895-ல பென்னிகுயிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையோட தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா கிழக்குப் பக்கம் திரும்பி இங்கே இறங்குது. டர்பைனைச் சுத்துது. டர்பைன் ரோட்டரைச் சுத்துது. ரோட்டர்னா மின்காந்தம். அதைச் சுத்தி அசையாம நிக்கிற கம்பிச்சுருள்ல காந்தப் பாயம் மாறிக்கிட்டே இருக்கு. ஃபாரடே சொன்னதேதான், சைஸ் மட்டும் பெருசு.

இங்கே மைனஸ் என்ன பண்ணுது? சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊரெல்லாம் லைட் போடறாங்க. அந்த நொடியே ஜெனரேட்டர் ரோட்டருக்கு எதிர்ப்பு கூடுது, வேகம் துளி குறையப் பார்க்குது. கவர்னர்ங்கிற கருவி அதைக் கண்டுபிடிச்சு தண்ணியைக் கொஞ்சம் கூடுதலா திறந்துவிடுது. நம்ம மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. கிரிட் விதிப்படி 49.90-க்கும் 50.05-க்கும் நடுவுல வெச்சிருக்கணும். 2013 டிசம்பர் 31-ல தென்னிந்திய கிரிட்டும் தேசிய கிரிட்டோட இணைஞ்சுடுச்சு. அன்னியிலிருந்து நாடு முழுக்க ஒரே துடிப்பு. உங்க வீட்டு மிக்ஸியை ஓட்டினா, ஓடிக்கிட்டிருக்கிற அத்தனை ஜெனரேட்டரும் கடுகளவு கனக்கும். நிஜம்தான், பில்டப் இல்லை!

எவ்வளவு தண்ணி செலவுன்னு ஒரு கணக்கு. இழப்பே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும், ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணி 367 மீட்டர் இறங்கணும். உங்க செல்போனை ஒரு தடவை முழுசா சார்ஜ் பண்ண, ஒரு பெரிய குடம் தண்ணி, சுமார் 15 லிட்டர், அதே உயரத்திலிருந்து விழணும். அந்தக் குடத்தை மேலே தூக்கிட்டுப் போனது யாரு? வெயில். கடல் தண்ணியை ஆவியாக்கி, தென்மேற்குப் பருவக்காத்துல ஏத்தி, மலை மேல கொட்டினது அதுதான். பில் கட்டினவங்க பேர் தெரியலைங்கிறதால அது ஃப்ரீ ஆயிடாது. அணையிலிருந்து தண்ணி திறக்காத நாள்ல லோயர் கேம்ப்ல உற்பத்தியும் கிடையாது. காந்தமும் சுருளும் அங்கேயேதான் இருக்கும்!

17 வளைவும் ஒரு ஸ்கூட்டரும்

மைனஸ்னா வில்லன்னு நினைச்சுடாதீங்க. போடியிலிருந்து முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறுற ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் சுமார் ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் ஆளும் சேர்த்து 180 கிலோன்னா, அந்த உயரத்துக்குத் தூக்கவே அரை யூனிட் கரன்ட் வேணும். மோட்டார் இழப்பு, டயர் உராய்வு எல்லாம் தனி.

இறங்கும்போது பாருங்க வேடிக்கையை. ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் இருக்கிற வண்டின்னா அதே மோட்டார் இப்போ ஜெனரேட்டர். சக்கரம் அதைச் சுத்துது, கரன்ட் பேட்டரிக்குத் திரும்புது. லென்ஸ் விதி, 'போகாதே'ன்னு சக்கரத்தைப் பிடிச்சு இழுக்குது. அதாவது, எதிர்ப்பே பிரேக் ஆயிடுது. பிரேக் சூடாகி வீணாகுற சக்தியில ஒரு பங்கு மிச்சம். ஆனா ஏறும்போது செலவானதுல ஒரு பகுதிதான் திரும்ப வரும், முழுசா வராது. 'இறங்கும்போது ஃபுல் சார்ஜ் ஆகி, திரும்ப ஏறிடலாம்'னு யாராவது சொன்னா, அவர் வண்டியில நீங்க பில்லியன் உட்காராதீங்க! இன்னொண்ணு. மேலேயே ஃபுல் சார்ஜ் போட்டுட்டு இறங்கினா பேட்டரியில வாங்க இடம் இருக்காது, ரீஜென் வேலை செய்யாம போகலாம். 17 வளைவுக்கும் கை பிரேக்தான். ஜாக்கிரதை.

வேலியில எட்டாயிரம் வோல்ட்

மலைச்சரிவுல இன்னொரு இண்டக்‌ஷன் மேட்டர் இருக்கு. இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. யானை, காட்டுமாடு, பன்றிக்காகத் தோட்டத்தைச் சுத்தி போடுற சோலார் வேலி. '12 வோல்ட் பேட்டரி, வேலியில எட்டாயிரம் வோல்ட். பார்த்தீங்களா, காந்தம் சக்தியைப் பெருக்குது'ன்னு இதையும் ஃப்ரீ எனர்ஜிக்கு சாட்சி கூப்பிடுவாங்க.

இல்லை பாஸ். பெருகினது வோல்ட், சக்தி இல்லை. வேலிக்கான கருவி பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா சக்தியை ஒரு கெபாசிட்டர்ல சேர்க்குது. சுமார் ஒரு விநாடிக்கு ஒரு தடவை அதை டிரான்ஸ்ஃபார்மர் வழியா ஒரே அடியில கொட்டுது. விநாடியில ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவான நேரம். டிடி அவ்வளவு சின்னது, ரெண்டாம் பக்கம் சுத்துகளும் அதிகம், அதனால வோல்ட் எகிறுது. ஆனா ஒரு அடியில இருக்கிற சக்தி சில ஜூல்தான். யானைக்கு 'சுர்'ருனு வலிக்கும், அடுத்த அடிக்கு முன்னாடி விலகிப் போக நேரமும் இருக்கும்.

வீட்டு லைன்ல இருந்து நேரா வேலிக்குக் கொக்கி போடுறாங்களே, அது 230 வோல்ட்தான். எட்டாயிரத்தைவிடக் குறைச்சல்னு நினைச்சா, உயிரே போயிடும். அது இடைவெளியே இல்லாம ஓடுற கரன்ட். தசை இறுகி, பிடிச்ச கை விடாது. அதுக்குப் பின்னாடி லோயர் கேம்ப்ல இருந்து மொத்த கிரிட்டும் நிக்குது. வீட்டு ஃப்யூஸும் காப்பாத்தாது. ஆளைக் கொல்ற கரன்ட் ஆம்பியர்ல பத்துல ஒரு பங்குகூட இல்லை, ஃப்யூஸ் போக பல ஆம்பியர் ஓடணும். யானையும் சாகுது, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற ஆளும் சாகுறார். நேரடிக் கொக்கி சட்டப்படி குற்றம். காட்டை ஒட்டின மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த தமிழ்நாடு அரசு 2023-ல தனி விதிகளே கொண்டுவந்தது. உங்க ஊர்ல யாராவது கொக்கி வேலி போட்டிருந்தா, வித்தியாசத்தை எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் நீங்கதான்.

அப்பாவுக்கு என்ன பதில்?

இப்ப மறுபடி வாசல்ல நிக்கிற ஜெனரேட்டர்காரருக்கு வருவோம். அப்பாகிட்ட டிஃபை, டிடி எல்லாம் வேண்டாம். அவருக்குத் தெரிஞ்ச ஏலக்காயிலேயே பேசுங்க.

நூறு கிலோ பச்சைக் காய்ல சுமார் 80 கிலோ தண்ணி. ஈரம் பத்து சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தா 22 கிலோ காய் மிஞ்சும். 78 கிலோ தண்ணி ஆவியாகணும். விறகோ, கேஸோ, கரன்ட்டோ, எதுல உலர்த்தினாலும் குறைஞ்சது 50 யூனிட் சக்தி போட்டே ஆகணும். 50 யூனிட்னா, 50 ஆயிரம் லிட்டர் தண்ணி 367 மீட்டர் மலையிலிருந்து இறங்கணும். பத்தாயிரம் லிட்டர் லாரி டேங்கர்ல அஞ்சு லோடு! அவ்வளவையும் ஒரு மேஜை சைஸ் பெட்டி, எதையும் எரிக்காம, எதையும் இறக்காம தருதுன்னா, அது எங்கிருந்து வருது? இதுதான் முதல் கேள்வி.

ரெண்டாவது, "லோடு மாட்டுங்க." ஒரு குட்டி எல்.இ.டி பல்பு இல்லை. நம்ம வீட்டு ஹீட்டரை மாட்டி, பேட்டரியையும் எல்லா ஒயரையும் கழட்டி, பெட்டியை வெறும் தரையில வெச்சு, ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ டெமோ செல்லாது. சுத்துற சக்கரத்துக்கு அஞ்சு நிமிஷம் தாங்கும்.

மூணாவது, "பேட்டன்ட் இருக்கு"ன்னு பேப்பரைக் காட்டினா மிரளாதீங்க. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970. அதோட மூணாம் பிரிவு, நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு முரணானதை கண்டுபிடிப்பாவே ஏத்துக்காது. முடிவில்லாம தானே ஓடுற எந்திரம் அந்த லிஸ்ட்லதான் வரும். 1996-ல தமிழ்நாட்டையே கலக்கின மூலிகை பெட்ரோல் கதையை வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அப்பவும் டெமோ எல்லாம் ஜோராத்தான் நடந்துச்சு.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். ஒரு மீட்டர் அலுமினியக் குழாய், ஒரு சின்ன சக்தி வாய்ந்த காந்தம். அலுமினியம் காந்தத்துல ஒட்டாது, செக் பண்ணிக்கோங்க. குழாயைச் செங்குத்தா பிடிச்சு காந்தத்தை உள்ளே போடுங்க. பொத்துனு விழ வேண்டியது, யாரோ கையில தாங்குற மாதிரி நிதானமா இறங்கி வரும். குழாய்ச் சுவர்ல சுழல்ற கரன்ட்தான் தாங்குது. குழாயை அப்பா கையிலேயே கொடுத்துப் போடச் சொல்லுங்க. மைனஸ் குறியை அவரே கண்ணால பார்த்துடுவார்.

குழாய் வாங்க காசு இல்லைன்னா மெக்கானிக்கல் லேப்ல கேளுங்க, பழசு கிடக்கும். அடுத்த வாரம் சந்திப்போம்!